கையடக்கத் தாடிக் கோடாலி: எதைப் பார்த்து வாங்குவது?

மரச்செதுக்கல், காட்டு முகாம் இரண்டையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கருவியைப் பற்றிக் கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: முகாமில் சுள்ளி பிளக்கவும், வீட்டில் கரண்டி, பொம்மை செதுக்கவும் ஒரே சின்னக் கோடாலி போதுமா? தாடி வைத்ததுதான் நல்லது என்கிறார்கள். எத்தனை கிராம், எவ்வளவு நீளம் என்று கணக்காகச் சொல்லுங்கள். (ஈரோடு வாசகர்)

போதும். ஆனால் இரண்டு வேலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தலை மட்டும் 500 முதல் 600 கிராம், காம்பு 32 முதல் 36 செ.மீ., வெட்டுவாய் 8 முதல் 9 செ.மீ. இருக்கட்டும். தலை 700 கிராமைத் தாண்டினால் ஒரு கையால் தொடர்ந்து செதுக்கும்போது மணிக்கட்டு சீக்கிரம் ஓய்ந்துவிடும். 400 கிராமுக்குக் கீழே போனால் இரும்பின் எடை வேலை செய்யாது, உங்கள் தோள்தான் வேலை செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகள்: சுவீடனில் 1902 முதல் இயங்கும் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் பட்டறையின் ‘வைல்ட்லைஃப்’ கைக்கோடாலி காம்போடு சேர்த்து சுமார் 600 கிராம், நீளம் 34 செ.மீ. அதே பட்டறை செதுக்கலுக்கென்றே செய்யும் பெரிய கோடாலி ஏறக்குறைய ஒரு கிலோ. முன்னது பையில் போகும், பின்னது பட்டறையை விட்டு நகராது. உங்கள் தேவை முன்னதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி தாடி. வெட்டுவாயின் கீழ்ப்பகுதி காம்புத் துளைக்கும் கீழே இறங்கித் தொங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதில் இரண்டு ஆதாயம் உண்டு. தலையின் எடையைக் கூட்டாமலே வெட்டுவாய் நீளமாகிறது. அடுத்து, தாடிக்கும் காம்புக்கும் நடுவில் உள்ள வளைவுக்குள் விரல்கள் நுழைவதால், கையை வெட்டுவாய்க்கு நேர் பின்னால் கொண்டுவந்து பிடிக்கலாம். அப்படிப் பிடித்து மெல்லச் சீவினால் கோடாலி பெரிய கத்தியாகவே நடந்துகொள்ளும். செதுக்குபவர்கள் தாடி கேட்பது இந்தப் பிடிக்காகத்தான். ஆகவே கடையில் பார்க்க வேண்டியது தாடியின் அழகை அல்ல, உங்கள் விரல் அதில் நுழைகிறதா என்பதை. தலையை ஒட்டிக் காம்பைப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நெருக்கடி இல்லாமல் வளைவுக்குள் அடங்கி, கைமுட்டி வெட்டுவாயின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். பெரும்பாலான கைகளுக்குத் துளையின் கீழ் விளிம்பிலிருந்து 3 முதல் 4 செ.மீ. இறங்கிய தாடி சரியாக இருக்கும்.

வைக்கிங் படங்களில் வருவதுபோல 6, 7 செ.மீ. தொங்குவதை வாங்காதீர்கள். விறகு பிளக்கும்போது நீண்ட தாடி பிளவுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் காம்பை பக்கவாட்டில் ஆட்டினால் தாடி நுனி ஒடியும். தரையில் வெட்டு தவறினால் முதலில் கல்லில் படுவதும் அந்த நுனிதான்.

ஆனால் எடை, தாடி எல்லாவற்றையும்விட முக்கியமானது வெட்டுவாயின் சரிவு. பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. வெர்னியர் காலிப்பர் ஒன்று இருந்தால் போதும். கூரிலிருந்து சரியாக 10 மி.மீ. உள்ளே தள்ளி உலோகத்தின் கனத்தை அளந்து பாருங்கள். 4.5 மி.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம் சுமார் 25 பாகை, 5.3 என்றால் 30; 6.3 என்றால் 35. செதுக்க 25 முதல் 30 வேண்டும். சுள்ளி பிளக்க 30 முதல் 35 நல்லது. இரண்டுக்கும் ஒன்றே என்றால் 28 முதல் 30க்குள் நிறுத்துங்கள், அதாவது 5 மி.மீ.க்கு அக்கம்பக்கம். 7 மி.மீ. கனத்தோடு வரும் மலிவுக் கோடாலி எவ்வளவு தீட்டினாலும் மரத்தில் இறங்காமல் எகிறும். கூர் போதவில்லை என்று நினைத்துத் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். குறை கூரில் இல்லை, கனத்தில் இருக்கிறது.

கேள்வி: இணையத்தில் 1,500 ரூபாய்க்கும் தாடிக் கோடாலி கிடைக்கிறது, 15,000க்கும் கிடைக்கிறது. பெட்டி வந்ததும் எதைச் சோதிக்க வேண்டும்? (சென்னை வாசகர்)

விலையை மறந்துவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் நேர்ப்பார்வை. வெட்டுவாய் மேலே பார்க்கும்படி கோடாலியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் காம்பின் அடியிலிருந்து பாருங்கள். வெட்டுவாயின் கோடு காம்பின் நடுவோடு சேர வேண்டும். ஓரிரண்டு மி.மீ. விலகல் கையடக்கக் கோடாலியில் பெரிய பாதகமில்லை. அரை விரற்கடை விலகினால் திருப்பி அனுப்புங்கள். அடி ஒவ்வொன்றும் சாய்ந்து விழும்.

அடுத்து அரம். புதிய அரத்தின் ஓரத்தைக் கூரின் மேல் லேசாக இழுங்கள். வெண்ணெயாகப் பிடித்துத் துகள் உதிர்ந்தால் இரும்பில் பதம் (கடினம்) ஏறவில்லை, முதல் முடிச்சிலேயே கூர் மடங்கும். கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் பதம் மிகையாகிவிட்டது, கூர் சில்லு பெயரும். தயக்கத்தோடு கடித்தால் சரி. நல்ல கோடாலிகள் எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 54 முதல் 58 வரை இருக்கும். அரம் அதைவிடக் கடினம் என்பதால்தான் இந்தச் சோதனை பலிக்கிறது. தாடி நுனி, நடு, மேல்முனை என மூன்று இடத்திலும் பாருங்கள். மலிவுச் சரக்கில் நடுவில் மட்டும் பதம் இருப்பது சகஜம்.

மூன்றாவது, காம்பின் நாரோட்டம். நார் தலையிலிருந்து அடிவரை ஓட வேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால் ஒரு நாள் அங்கேதான் முறியும். கெட்டியான வார்னிஷ் அல்லது கறுப்புச் சாயம் பூசி நாரை மறைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் அலையலையாக டமாஸ்கஸ் வரி (எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்தால் வரும் கோலம்) இருக்கிறது என்று மயங்க வேண்டாம். வெறும் தகட்டில் அமிலத்தால் பொறித்த வரிகள் ஏராளம். கூரைத் தீட்டிய இடத்தில் வரி காணாமல் போனால் சந்தேகப்படுங்கள். அங்கே மறுபடி அமிலம் வைத்தும் வரி தெரியவில்லை என்றால் அது மேற்பூச்சுதான். துருப்பிடிக்காத எஃகில் செய்த அலங்காரக் கோடாலியும் வேண்டாம். கார்பன் எஃகு துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவினால் தீர்ந்தது.

பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் எக்ஸ் 7 மாதிரி பிளாஸ்டிக் காம்புக் கோடாலிகள் முகாம் விறகுக்கு நல்லவை, தலை கழன்று விழாது. ஆனால் தாடி கிடையாது, காம்பை மாற்றவும் முடியாது. செதுக்குபவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிறது. அதுவே கிளை வெட்டுகிறது, தேங்காய் உரிக்கிறது. தனியாகக் கோடாலி எதற்கு? (சிவகங்கை வாசகர்)

கிளை கழிக்க, புதர் ஒதுக்க, கட்டைவிரல் கனமுள்ள சுள்ளி வெட்ட அரிவாளை எந்தக் கைக்கோடாலியும் மிஞ்சாது. முகாமுக்கு மட்டும் என்றால் உங்கள் காசு மிச்சம்.

செதுக்கலில்தான் வித்தியாசம் தெரியும். அரிவாளின் எடை நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. கோடாலியில் அது 8 செ.மீ. வெட்டுவாய்க்குப் பின்னால் குவிந்திருக்கிறது. அதனால் குட்டையாக ஓங்கினாலே ஆழமாக இறங்கும், குறித்த இடத்தில் விழும். அரிவாளின் உள்வளைவு கொக்கி போட்டு இழுக்கத்தான் ஏற்றது. தட்டையான பரப்பைச் சீவ, வெளிப்பக்கம் லேசாக வளைந்த கோடாலி வாய் வேண்டும். தச்சு ஆசாரிகளின் வாச்சியும் செதுக்கும்தான், ஆனால் அது குழிப்பதிலும் தன்னை நோக்கி வெட்டுவதிலும் கெட்டி. கரண்டியின் வெளிவடிவத்துக்குக் கோடாலி, உட்குழிக்கு வளைகத்தி என்று பிரித்துக்கொள்வது சுலபம்.

கேள்வி: உள்ளூர் கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் தாடிக் கோடாலி அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? (கரூர் வாசகர்)

ஸ்பிரிங் எஃகு நல்ல சரக்கு, கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் கேள்வி. பட்டையின் கனம் 10, 12 மி.மீ.தான், அதில் காம்புத் துளை போட இடமில்லை. அதனால் குறுக்குவழியாகப் பட்டையோடு ஒரு குழாயை வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்க வேண்டாம். கார்பன் கூடிய எஃகை முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்தால், ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு மொறமொறப்பாகி மயிரிழை விரிசல் விடும். அது உங்கள் முகத்துக்கு நேரே ஓங்கும்போது திறக்கும்.

பட்டையை மடித்து உலையிலேயே ஒட்டடிக்கத் தெரிந்தவர் என்றால் சரி. இல்லையென்றால் இன்னொரு வழி சொல்லுங்கள்: கடையில் கிடைக்கும் முக்கால் கிலோ சாதாரணக் கோடாலித் தலையை வாங்கி, கீழ்ப்பக்கத்தை வெட்டித் தாடி எடுக்கலாம். எடையும் குறையும், தாடியும் வரும். வெட்டுவாய் அகலம் குறைந்தது 9 செ.மீ. உள்ள தலையாகத் தேர்ந்தெடுங்கள். வளைவின் உள்மூலை கூர்மையான கோணமாக இருக்கக்கூடாது. 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, அந்தத் துளையில் போய் முடியுமாறு இரும்பு அறுக்கும் வாளால் அறுங்கள்; பிறகு அரத்தால் உருட்டுங்கள். கூர் மூலை விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். கிரைண்டரால் அறுத்தால் நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குங்கள். இரும்பு கை பொறுக்காத சூடாகும்போதே நிறுத்துவது பாதுகாப்பு.

புதிதாக அடிக்கச் சொன்னால் துவைச்சலைப் (காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுவதை) பற்றி ஆசாரியிடம் பேசிவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து 3, 4 செ.மீ. மட்டும் செக்கச்சிவக்கக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் சற்றே சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் ஸ்பிரிங் எஃகு வெடிக்கலாம். காம்புத் துளைப் பக்கம் பதம் ஏறக்கூடாது, அது மென்மையாக இருந்தால்தான் அதிர்ச்சி தாங்கும். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடித் துண்டாக உடையும். பிறகு வீட்டு அவனில் 230 முதல் 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைக்கலாம். பளபளப்பாகத் தேய்த்த இரும்பு வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்புக்கு வரும்.

கேள்வி: எனக்கு இடது கை பழக்கம். ஒருபக்கச் சரிவு, இருபக்கச் சரிவு என்று இரண்டு விதம் விற்கிறார்கள். இங்கே பெர்ச் (birch) மரம்தான் தாராளமாகக் கிடைக்கிறது. (ஒஸ்லோ வாசகர்)

இருபக்கச் சரிவு. யோசிக்கவே வேண்டாம். ஒருபக்கம் தட்டையாக, மறுபக்கம் மட்டும் சரிவோடு இருப்பது நேர்ப்பலகை சீவ அருமையானது. ஆனால் கைக்கு ஏற்ப வாங்க வேண்டும். வலதுகைக்காரருக்கான கோடாலி உங்கள் கையில் நேராகச் சீவாது. வளைவான கரண்டி முதுகுக்கும் அது இடைஞ்சல். இடதுகைக்கென்று தனியாகச் செய்தது கிடைத்தாலும், இரண்டாவது கோடாலியாக வாங்குங்கள்.

சரிவு தட்டையாக இருக்கட்டும். குவிந்த சரிவு பிளக்கும்போது மரத்திலிருந்து எளிதாக விடுபடும். ஆனால் தட்டைச் சரிவை மரத்தில் படுக்க வைத்தால் அதுவே வழிகாட்டும், எந்தக் கோணத்தில் வெட்டும் என்று கை முன்கூட்டியே உணரும்.

பச்சை பெர்ச் செதுக்க இதமானது. ஆனால் குளிர்காலத்தில் உறைந்த மரத்தை, அதுவும் முடிச்சை, மெல்லிய கூரால் வெட்டாதீர்கள். கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை கூடுகிறது. தலையை முதலில் கோட்டுக்குள் வைத்தோ கையாலோ வெதுவெதுப்பாக்குங்கள். நெருப்பில் காட்டி அல்ல.

கேள்வி: கோடையில் தலை ஆட ஆரம்பிக்கிறது. இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் இறுகிவிடுகிறது. இது சரியான வைத்தியம்தானா? (மதுரை வாசகர்)

இல்லை, ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகும். ஊறிய மரம் விரிய இடமின்றி இரும்புத் துளைக்குள் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்துப் போகும். கோடையிலேயே நன்றாகக் காய்ந்த மரத்தில் காம்பு போட்டால் இந்தத் தொல்லை வராது. இப்போதைக்குத் தலைப்பக்கத்தை ஆளிவிதை எண்ணெயில் ஓரிரு நாள் நிறுத்தி வையுங்கள். எண்ணெய் உறிஞ்சி விரிந்து, உள்ளேயே இறுகிவிடும். துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும். குவிந்து கிடக்கும் துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

அப்படியும் ஆடினால் காம்பை மாற்றுங்கள். தலைக்குக் கீழே அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக ஒரு கட்டையால் தட்டி வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் துளை மேல்பக்கம்தான் அகலம். பழைய காம்பை எரித்து எடுக்கத் தலையை அடுப்பில் போடும் பழக்கம் கிராமத்தில் உண்டு. கூரின் பதம் மொத்தமும் போய்விடும்.

புதுக் காம்புக்குக் கருவேலம், சடச்சி இரண்டும் நம் பக்கத்தில் நம்பகமானவை. மேற்கே ஹிக்கரி, ஆஷ் போடுவார்கள். காம்பின் மேல்முனையில் துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாள்வெட்டு கொடுங்கள். தலையை மாட்டி, தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்து, காம்பின் அடியைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தலை தானாக ஏறிக்கொண்டு வரும். ஏறுவது நின்றதும் காய்ந்த மர ஆப்பை இறக்குங்கள். காம்பு தலைக்கு மேலே 3 முதல் 5 மி.மீ. நீட்டியிருக்கும்படி அறுத்து விடுங்கள். சரிமட்டமாக அறுத்தால் ஆப்பு விரிந்து பூட்டிக்கொள்ள மரம் இருக்காது. எண்ணெய் அதிகம் குடிப்பது அந்த வெட்டுமுகம்தான், அங்கே மறக்காமல் தடவுங்கள்.

கேள்வி: தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, ஆனால் இரண்டே நாளில் மழுங்கியது. கூரின் ஓரம் நீலமாக இருக்கிறது. (திருச்சி வாசகர்)

அந்த நீலம்தான் காரணம். காய்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய கூர் நொடியில் 300 டிகிரியை எட்டும். இரும்பு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறும். நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் போகும்வரை அரத்தால் தேய்த்துக் கூரைப் பின்னுக்குத் தள்ளுவதே வழி.

வீட்டில் செய்ய 10 அங்குல ஒற்றைவெட்டு (பற்கோடுகள் ஒரே திசையில் ஓடும்) அரம், 400, 1000 எண் கற்கள், பழைய பெல்ட் தோல் போதும். தலையை இடுக்கியில் இறுக்கி, சரிவு முழுக்கக் கருப்பு மார்க்கர் பூசுங்கள். ஓரிரு இழுப்புக்குப் பிறகு மை எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் கோணம் தெரிந்துவிடும். கூர் ஓரத்தில் மட்டும் போனால் அரத்தைத் தாழ்த்துங்கள். மேலே மட்டும் போனால் உயர்த்துங்கள். கூர் நெடுக மெல்லிய பிசிறு எழுந்து விரலில் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பிசிறு எழுவதற்குமுன் நுண்கல்லுக்குப் போவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. அப்போது மழுக்கத்தைத்தான் பளபளப்பாக்குவீர்கள். கடைசியில் தோலில் கூரைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். அரம் பிடிக்கும்போது தடித்த தோல் கையுறை கட்டாயம்.

கேள்வி: கரண்டிக்கு எந்த மரம்? எதைத் தவிர்க்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

பூவரசு, வேம்பு, குமிழ், வெட்பாலை. வெட்பாலை மென்மையாகவும் நார் நெருக்கமாகவும் இருப்பதால்தான் கர்நாடகத்தின் சன்னபட்னா, ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைக்காரர்கள் அதையே நாடுகிறார்கள். சேலம் மாவட்டம் தம்மம்பட்டி சிற்பிகளின் தூங்குமூஞ்சி வாகை சிலைக்கு ஏற்றது, கரண்டிக்குச் சற்றுத் திறந்த நார். வேப்பங்கரண்டியில் முதல் சில வாரம் கசப்பு இருக்கும், பாயசத்தில் விடாதீர்கள்.

அரளி, எட்டி வாய்க்குப் போகும் எதற்கும் ஆகாது. சேங்கொட்டை மரத்தை வெட்டவே வேண்டாம், அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கடலோரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும்.

பச்சைக் கட்டையை 25 செ.மீ.க்கு அறுத்து, நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்துவிடுங்கள்; அது உள்ளே இருந்தால் காயும்போது நட்சத்திரமாக வெடிக்கும். பிளக்க, கோடாலியை வெட்டுமுகத்தில் ஊன்றி, பின்மண்டையை (வெட்டுவாய்க்கு எதிர்ப்பக்கத்தை) மரக்கட்டையால் தட்டுங்கள். செதுக்கும்போது வேலைத்துண்டை வெட்டுக்கட்டையின் மறுகோடியில் நிறுத்துங்கள், அடி தவறினால் காலில் விழாமல் கட்டையில் விழும். பிடித்த கைக்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். 2 செ.மீ.க்கு ஒன்றாகச் சாய்வாகக் கொத்திக்கொண்டு வந்து, பிறகு அந்தச் செதில்களைச் சீவி எடுத்தால் மரம் கட்டுமீறிப் பிளக்காது.

கேள்வி: பின்மண்டையால் கூடார முளை அடிக்கலாமா? (கோவை வாசகர்)

மரம், பிளாஸ்டிக் முளையை அடிக்கலாம். இரும்பு முளையையும் சம்மட்டியையும் கிட்டே சேர்க்காதீர்கள். காம்புத் துளையின் சுவர் மெல்லியது, விரிந்தால் காம்பு நிற்காது.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மலையேற்றம் போகும்போது எடுத்துச் செல்லலாமா? (தேனி வாசகர்)

தனியார் தோட்ட முகாமுக்கு, உரிமையாளர் அனுமதியோடு, தோல் உறை போட்டு எடுத்துப் போங்கள். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பையில் இருப்பது கரண்டி செதுக்கத்தான் என்று சோதனைச் சாவடியில் விளக்கிக்கொண்டிருப்பது வீண்வேலை. அங்கே தீ மூட்டவும் தடை என்பதால் விறகு பிளக்கும் அவசியமும் இல்லை. விமானத்தில் போனால் கைப்பையில் அல்ல, சரக்குப் பெட்டியில் வையுங்கள்.